வேலை தேடுவோரும் நம் பங்கும்



திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை (மத் 20:1-16) மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிறு நற்செய்தியாக வருகிறது. அன்றைய மறையுரைகளில் நாம் பெரும்பாலும் கூலியைப் பற்றித்தான் பேசுகிறோம். நாள் முழுவதும் வெயிலில் உழைத்தவருக்கும் ஒரு தெனாரியம், கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவருக்கும் ஒரு தெனாரியம் என்பது எப்படி நியாயமாகும் என்ற கேள்வி நம் மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஐந்து மணிக்காரர்களிடம் நிலக்கிழார் கேட்ட கேள்வியையும் அவர்கள் சொன்ன பதிலையும் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். நாள் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். தங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள் அவர்கள். உழைக்க விருப்பமில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. விருப்பமில்லாதவர்கள் மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நிற்கமாட்டார்கள், வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நம் ஊர்களிலும் இந்தச் சந்தைவெளி உண்டு. காலை ஆறரை மணிக்கு நாற்சந்திகளில் தூக்குவாளியும் கரண்டியுமாகக் கொத்தனார்களும் சித்தாள்களும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பது மணிக்கு மேலும் அங்கே நிற்பவருக்கு அன்றைக்கு வேலை இல்லை என்று பொருள். ஆனால் படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள் நாற்சந்தியில் நிற்பதில்லை. அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசைக்கும் பின்னால், வாசற்படியோரம் நிற்கிறார்கள். திருப்பலி முடியுமுன்பே கிளம்பிவிடுகிறார்கள். "தம்பி இப்போ என்ன பண்றீங்க?" என்று நாம் அன்போடு கேட்கும் கேள்விதான் அவர்களை அப்படி விரட்டுகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. திருமணப் பேச்சு நின்றுபோகிறது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவது நின்றுபோகிறது. கடைசியில் கோவிலுக்கு வருவதும் நின்றுபோகிறது. ஆகவே வேலையின்மை பொருளாதாரம் படித்தவர்களின் கவலை மட்டுமன்று, மேய்ப்புப் பணியின் கவலையும்தான்.

திருச்சபை இதை நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தொழிலாளரின் நியாயமான கூலியைப் பற்றி எழுதினார். இளவயதில் கல்குவாரியிலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்த திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல், 1981-இல் 'லபோரெம் எக்சேர்சென்ஸ்' என்னும் சுற்றுமடலை எழுதினார். வேலையின்மை எந்த நிலையிலும் ஒரு தீமையே என்று அதில் சொன்னதோடு, 'மறைமுக முதலாளி' என்றொரு கருத்தையும் முன்வைத்தார். ஒருவருக்கு நேரடியாகச் சம்பளம் தருபவர் மட்டுமே அவருடைய வேலைக்குப் பொறுப்பாளி அல்ல. அரசு, சட்டங்கள், கல்வி அமைப்பு, சமூக நிறுவனங்கள் என்று அந்த வேலையின் நிலைமைகளைத் தீர்மானிக்கும் அனைவருமே மறைமுகமாக முதலாளிகள்தாம் என்றார். திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் எஃகு ஆலைத் தொழிலாளரிடம் பேசியபோது, எல்லாருக்கும் வருமானம் என்பதல்ல, எல்லாருக்கும் வேலை என்பதே நம் இலக்காக இருக்கவேண்டும் என்று அழுத்திச் சொன்னார். 2025 மே மாதத்தில் பொறுப்பேற்ற திருத்தந்தை 14-ஆம் லியோ, அந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதற்கே 13-ஆம் லியோவின் தொழிலாளர் மடலைக் காரணமாகக் காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 'திலெக்ஸி தே' ஊக்கவுரையில், வறியவருக்குச் செய்யும் உதவிகளில் மிக முக்கியமானது அவர் நல்ல வேலை ஒன்றைப் பெறத் துணைநிற்பதே என்கிறார். தருமம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேலை கிடைக்கும்வரை தருமமும் தேவை என்கிறார். நம் பங்குகளில் அரிசி, பருப்பு கொடுப்பதற்கு ஏற்பாடு இருக்கிறது. வேலைக்கு வழிகாட்டுவதற்கு அநேகமாக எந்த ஏற்பாடும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய காகிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். புனித ஜான் போஸ்கோவை மாணவர்களின் பாதுகாவலர் என்று நமக்குத் தெரியும். அவர் பணியாற்றிய தூரின் நகரில் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் பெருகிய காலம் அது. கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த சிறுவர்களைப் பட்டறை முதலாளிகள் எடுபிடிகளாக வைத்துக்கொண்டார்கள். தொழில் கற்றுத் தருகிறோம் என்பார்கள். கடைக்கு அனுப்புவார்கள், வீட்டு வேலை வாங்குவார்கள், அடிப்பார்கள். டான் போஸ்கோ அந்தப் பட்டறைகளுக்கே நேரில் போனார். 1851, 1852-ஆம் ஆண்டுகளில் அவர் சிறுவர்களுக்காகச் செய்துகொண்ட தொழிற்பயிற்சி ஒப்பந்தங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று, தச்சுப் பட்டறையில் சேர்ந்த ஒரு சிறுவனுக்காக 1852 பிப்ரவரியில் எழுதப்பட்டது. முதலாளி தச்சுத் தொழிலைப் படிப்படியாகக் கற்றுத் தரவேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலைகளை வாங்கக்கூடாது. தவறு செய்தால் வாயால் திருத்தலாம், கைநீட்டக்கூடாது. ஞாயிறும் கடன்திருநாளும் விடுமுறை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஓய்வு. முதல் ஆறு மாதம் நாளுக்கு 30 சென்டெசிமி, அடுத்த ஆறு மாதம் 40 என்று கூலி ஏறிக்கொண்டே போகவேண்டும். பட்டறைக்காரரோடு டான் போஸ்கோவும் அதில் கையெழுத்திட்டார்.

ஒரு குருவானவர் தம் பெயரை ஒப்பந்தத்தில் போடுகிறார் என்றால், நாளைக்கு அந்தப் பையன் ஒழுங்காக வருகிறானா என்று பட்டறைக்காரர் அவரைக் கேட்கலாம். பையனை ஏன் அடித்தாய் என்று இவர் பட்டறைக்காரரைக் கேட்கலாம். இரண்டு பக்கத்துக்கும் ஓர் ஆள் இருக்கிறார். பயிற்சி, வேலை, வேலைக்குப் பின் கவனிப்பு என்று இன்று தனித்தனியாகப் பேசப்படும் மூன்றும் அந்த ஒற்றைக் காகிதத்தில் இருந்தன. 1853 முதல் வால்டோக்கோவில் செருப்புத் தைத்தல், தையல் என்று அவரே பட்டறைகளைத் தொடங்கினார். அவருடைய சபையினர் 1906-இல் இந்தியாவில் முதன்முதலாகக் காலடி வைத்தது நம் தஞ்சாவூரில்தான்.

இனி நம் காலத்துக்கும் நம் மாநிலத்துக்கும் வருவோம். "ஃபாதர், ஒரு லெட்டர் கொடுங்க" என்று வருகிற பிள்ளைகள் பலர். பங்குத்தந்தையின் கடிதம் நல்லொழுக்கத்துக்குச் சான்று சொல்லும், கைத்தொழிலுக்குச் சான்று சொல்லாது. இதை நயமாகச் சொல்லிவிட்டு, எந்த வாசல்கள் திறந்திருக்கின்றன என்று காட்டவேண்டியது நம் கடமை.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, அங்கிருந்து அழைப்பு வரும் என்று பல ஆண்டுகள் காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அரசு வேலைகளில் பெரும்பகுதி இன்று தேர்வாணையங்களின் போட்டித் தேர்வுகள் வழியாகவே நிரப்பப்படுகிறது. அதற்காகப் பதிவை விட்டுவிட வேண்டாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். பதிவு செய்து ஐந்து ஆண்டு கடந்தும் வேலை கிடைக்காத, குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்கு 2006 முதல் உதவித்தொகைத் திட்டம் ஒன்று இருக்கிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் என்பது பேருந்துக் கட்டணத்துக்கே போதாது என்பது வேறு செய்தி. அதைவிடப் பயனுள்ளவை அதே அலுவலகத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டமும், தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும். பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது; நூல்களும் உண்டு. தனியார் மையங்களுக்குப் பல்லாயிரம் கட்டும் குடும்பங்களில் எத்தனை பேர் அங்கே ஒருமுறையாவது போய்ப் பார்த்திருப்பார்கள்?

ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம் குடும்பங்களில் அதற்கு இருக்கும் மரியாதைக் குறைவு பெரிய தீங்கு செய்கிறது. "படிப்பு ஏறல, அதனால ஐடிஐ-ல போட்டுட்டோம்" என்று பெற்றோர் பிள்ளையின் முன்னாலேயே சொல்கிறார்கள். பட்டறையில் வளர்ந்த ஆண்டவரை வணங்குகிறோம். புனித சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராக மே முதல் நாளில் கொண்டாடுகிறோம். ஆனால் நம் பிள்ளை கையில் எண்ணெய் படிந்தால் வெட்கப்படுகிறோம். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கொல்லர், குயவர் போன்ற கைவினைஞர்கள் இல்லாமல் எந்த நகரமும் குடியிருக்கத் தக்கதாகாது என்ற கருத்தை அங்கே காண்பீர்கள்.

எட்டாம் வகுப்புத் தேறியவர் வெல்டர், ஒயர்மேன் பிரிவுகளில் சேரலாம். பத்தாம் வகுப்புத் தேறியவர் பிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் முதலிய பிரிவுகளில் சேரலாம். வெல்டருக்கு ஓராண்டு, பிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இரண்டு ஆண்டு. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் 750 ரூபாய் உதவித்தொகையும், சீருடை, சைக்கிள், பேருந்துப் பயண அட்டை முதலியவையும் தரப்பட்டு வந்திருக்கின்றன. ஆண்களுக்கு 40 வயதுவரை இடமுண்டு, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் பெறுவதற்குக் கல்லூரி மாணவர்களைப்போல ஐடிஐ மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 71 அரசு நிலையங்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் துணையோடு சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கப்பட்டு, ரோபோ இயக்கம், கணினி வழி இயந்திரங்கள், மின்வாகனங்கள் என்று புதிய பிரிவுகள் வந்துள்ளன. இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. ஆகவே ஐடிஐ-யோடு படிப்பு முடிந்துவிடுகிறது என்பதும் உண்மையன்று.

ஐடிஐ முடித்தவுடன் அடுத்த படி தொழில் பழகுநர் பயிற்சி. மக்கள் அப்ரண்டிஸ் என்றே சொல்கிறார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது இது. 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விழுக்காட்டில் பழகுநர்களை எடுத்தாகவேண்டும். திருச்சி பெல், நெய்வேலி நிலக்கரி நிறுவனம், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் பழகுநர்களை எடுக்கின்றன. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் பழகுநருக்கான குறைந்தபட்ச மாத உதவித்தொகையைக் கல்வித் தகுதிக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. பயிற்சி முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அளவில் மதிக்கப்படும் சான்றிதழ் கிடைக்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். பழகுநர் சட்டப்படி 'தொழிலாளி' அல்லர்; பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இதைப் பெற்றோர் முன்பே புரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, சில இடங்களில் 'பயிற்சி' என்ற பெயரில் ஆண்டுக்கணக்காகக் குறைந்த கூலிக்கு வழக்கமான உற்பத்தி வேலையே வாங்கப்படுகிறது. ஒப்பந்தம் முறைப்படி அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா, எத்தனை மாதம், எந்தத் தொழில் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். டான் போஸ்கோ அன்று ஒரு தாளில் எழுதி வாங்கியது இதைத்தான்.

படிப்பை இடையில் விட்டவர்களுக்கும், கலைக் கல்லூரிப் பட்டம் வாங்கிவிட்டுக் கைத்தொழில் இல்லாமல் நிற்பவர்களுக்கும் சில மாதக் குறுகியகாலப் பயிற்சிகள் இருக்கின்றன. 2014-இல் தொடங்கப்பட்ட தீனதயாள் உபாத்தியாயா கிராமப்புறத் திறன் திட்டம் ஊரக ஏழை இளைஞர்களுக்கானது. அதன் விதிமுறைகளில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. பயிற்சி தரும் நிறுவனம் சான்றிதழைக் கொடுத்துக் கைகழுவிவிட முடியாது. பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினரை வேலையில் அமர்த்திக் காட்டவேண்டும் என்று அத்திட்டம் நிபந்தனை வைத்தது. வேலையில் சேர்ந்தபின் முதல் சில மாதங்களுக்கு உதவித்தொகையையும் அது ஏற்பாடு செய்தது. சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் குறைந்த மாதங்களுக்கு, வெளி மாநிலம் என்றால் அதிக மாதங்களுக்கு. ஊரைவிட்டுப் போகும் பிள்ளையின் சிரமத்தை அறிந்த யாரோ எழுதிய விதி அது என்று நினைத்துக்கொள்வேன்.

சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் பெரும்பாலான மாவட்டங்களில் உள்ளன. 1982-இல் கர்நாடகத்தின் தர்மஸ்தலா அருகே தொடங்கிய முயற்சி ஒன்றே இவற்றுக்கு முன்மாதிரி. தையல், அழகுக்கலை, கைபேசி பழுதுபார்த்தல், ஆடு வளர்ப்பு என்று தங்கும் இடமும் உணவும் தந்து இலவசமாகவே கற்பிக்கிறார்கள். வங்கிக் கடன் பெறவும் உதவுகிறார்கள். கணவனை இழந்த பெண்களும், நாற்பதைக் கடந்து ஆலை மூடலால் வேலை இழந்த ஆண்களும் இந்த வாசலைத் தட்டலாம். இளைஞர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம் இவர்களை அடிக்கடி மறந்துவிடுகிறோம். நற்செய்தியின் ஐந்து மணிக்காரர்களும் இளைஞர்கள்தாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

வாசல்களைச் சொன்னதுபோல் படுகுழியையும் சொல்லவேண்டும். வேலை தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் எவரையும் நம்பாதீர்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்பவரையும் நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலை என்றால், மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவரா என்று இமைகிரேட் இணையதளத்தில் பார்த்தாகவேண்டும். பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே வாங்கலாம், அதற்கும் ரசீது தரவேண்டும். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நகையை அடகு வைத்து அனுப்பிய தாய்மார் கையில் விமானச் சீட்டின் நகலோடு வந்து அழுவதைப் பார்த்த பங்குத்தந்தையருள் நானும் ஒருவன். அப்போது ஆறுதல் சொல்லத்தான் முடிகிறது.

இவ்வளவும் சொன்னபின், நம் வீட்டுக்குள்ளும் பார்க்கவேண்டும். மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் பள்ளிகள், மருத்துவமனைகள், விடுதிகள் பல நடத்துகின்றன. அங்கே பணிபுரியும் நிர்வாக நியமன ஆசிரியர்கள், செவிலியர், ஓட்டுநர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர் பெறும் ஊதியம் என்ன? வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படுகிறதா? 'சேவை மனப்பான்மை' என்ற சொல்லைத் துறவியர் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளலாம், மூன்று பிள்ளைகளைப் பெற்ற தகப்பனுக்குச் சொல்லக்கூடாது. அன்றைய கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடு என்று இணைச்சட்டம் கட்டளையிட்டது, அந்த ஏழை அதை நம்பியே இருக்கிறான் என்பதால்தான். நாம் தொழிற்பயிற்சிக்கு வழிகாட்டும் அதே வேளையில் நம் நிறுவனங்களே மலிவான கூலிக்கு ஆள் தேடினால், நம் மறையுரையை யார் கேட்பார்கள்? இது என் உடன்குருக்களுக்கும் எனக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது.

பங்கு அளவில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய கட்டடமும் பயிற்சி மையமும் வேண்டாம். அரசிடமும் சலேசியர் போன்ற சபைகளிடமும் அவை உள்ளன. நம்மிடம் இருப்பது அன்பியம். முப்பது குடும்பங்களுள் யார் வீட்டில் யார் வேலை இல்லாமல் இருக்கிறார், என்ன படித்திருக்கிறார், என்ன செய்யத் தெரியும் என்பது அன்பியத் தலைவிக்குத் தெரியும். அதே பங்கில் ஓய்வு பெற்ற பெல் தொழிலாளி இருக்கிறார், பட்டறை வைத்திருப்பவர் இருக்கிறார், வங்கியில் பணிபுரிபவர் இருக்கிறார், ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கும் நம் பீடச்சிறுவன் ஒருவனும் இருக்கிறான். இந்த இரண்டு பட்டியலும் ஒரே அறையில் சந்திப்பதில்லை. மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்களைச் சந்திக்க வைத்தால் போதும். தன்விவரக் குறிப்பு எழுதிக் கொடுக்க ஒருவர், நேர்முகத் தேர்வுக்குப் பழக்க ஒருவர், விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்ற ஓர் இளைஞர். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய கர்தினால் யோசேப்பு கார்டைன் கற்றுத் தந்த காண், தீர்ப்பிடு, செயல்படு என்னும் முறை இப்படிப்பட்ட சிறு கூட்டங்களுக்காகவே உருவானது. கூட்டத்துக்குப் பெயர் வைக்கும்போது 'வேலையற்றோர் குழு' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், யாரும் வரமாட்டார்கள்.

வேலை கிடைத்த பிறகுதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ திருப்பூருக்கோ போன பையன் இருபதாம் நாளில் திரும்பி வந்து நிற்கிறான். சோம்பேறி என்கிறது ஊர். விசாரித்துப் பார்த்தால், ஓர் அறையில் எட்டுப் பேர், இரவு ஷிப்ட், பழகாத சாப்பாடு, கையில் காசில்லை, முதல் சம்பளத்துக்கு இன்னும் இருபது நாள், பேச ஓர் ஆள் இல்லை. பெண்பிள்ளை என்றால் விடுதியின் பாதுகாப்பு பற்றிய பயமும் சேர்ந்துகொள்கிறது. முதல் மூன்று மாதம் தாக்குப்பிடித்தவர் பெரும்பாலும் நிலைத்துவிடுகிறார். ஆகவே நம் வின்சென்ட் தே பவுல் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். அறை முன்பணத்துக்கும் முதல் மாத மெஸ் கட்டணத்துக்கும் ஒரு சிறு கைமாற்று நிதி வையுங்கள். தானமாக வேண்டாம், சம்பளம் வந்தபின் தவணையாகத் திருப்பித் தரட்டும். அதில் அவர்களுக்கும் மதிப்பு, அடுத்தவருக்கும் பணம் மிஞ்சும். பிள்ளை எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர்ப் பங்குத்தந்தைக்கு, புறப்படுமுன் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். ஞாயிறு ஷிப்ட் இருந்தால் சனி மாலைத் திருப்பலி எங்கே, எத்தனை மணிக்கு என்று அவர் சொல்லுவார். விடுதிக்குப் பக்கத்தில் நம் குடும்பம் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுவார். இரண்டாம் வாரத்தில் அன்பியத்திலிருந்து யாராவது ஒருவர் அந்தப் பிள்ளைக்குப் போன் செய்து, சாப்பாடு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.